அவசரத்துக்கு ஒரு எண்

முதல் நாளே அவர் என்னை என் சொந்த சைக்கிள் கடையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வைத்தார். பின் சக்கரம் பஞ்சர். வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "நீங்க சொல்லுங்கண்ணே, நான் பண்றேன். கை மட்டும் வைக்காதீங்க" என்றார். பத்து நிமிட வேலை ஒன்றரை மணி நேரம் ஓடியது. கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிறவியிலேயே வராது. கடைசியில் டயரை உள்ளே தள்ளத் திணறியபோது ஓரத்தை லேசாக அழுத்திவிட்டேன், அவ்வளவுதான். "தொட்டுட்டீங்களே" என்று மொத்தத்தையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எங்கள் சைக்கிள் குழுவில் அவருக்குப் பல்லம்மா என்று பெயர். வைத்த புண்ணியவான் நான்தான். பல் செட் செய்கிற லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் பல் அச்சில் மாக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு வடித்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதிக்கிற வேலை. வயது நாற்பத்தொன்பது, அதில் இருபத்துநான்கு வருடம் இந்தத் தொழிலில். "இந்த ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு என் கை வேலைண்ணே. ஒருத்தர் முகத்தையும் நான் பார்த்ததில்ல" என்று ஒரு தடவை சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார், நானும் சிரித்தேன். கடையைப் பூட்டும்போதுதான், இதற்குப் போய்ச் சிரித்தோமே என்று இருந்தது.

அவருடைய அம்மா பன்னிரண்டு வருடம் படுத்த படுக்கை. கூட இருந்து பார்த்துக்கொண்டது இவர் ஒருத்தர்தான். அம்மா போன பிறகு, வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் காய்கறி வாங்கக் கிளம்பியவர், கடை வந்தும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். அறுபத்திரண்டு கிலோமீட்டர். ஏன் என்று கேட்டேன். "எங்கடி போனேன்னு கேக்க ஆள் இல்லையா, அதான் திரும்பவே தோணல" என்றார்.

அங்கே ஆரம்பித்தது ஆயிரத்து இருநூறு கிலோமீட்டரில் வந்து நின்றது. எங்கள் குழு வருடத்துக்கு ஒரு தடவை நடத்துகிற சைக்கிள் ஓட்டம் அது. தொண்ணூறு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். வெளி உதவி கூடாது என்பதுதான் அதன் ஒரே பெரிய விதி. வழியில் கடையில் சாப்பிடலாம், லாட்ஜில் தூங்கலாம். காசு கொடுத்தால் எவருக்கும் கிடைப்பது எதுவும் தப்பில்லை. ஆனால் வீட்டு ஆட்கள் டிபன் கேரியரோடு வந்து நிற்கக் கூடாது. நண்பர் டியூப் கொண்டுவந்து தரக் கூடாது. போன வருடம் ஒருவருடைய மனைவி முந்நூறாவது கிலோமீட்டரில் பிளாஸ்கோடு காத்திருந்தார். கணவர் குடிக்க மாட்டேன் என்று போய்விட, அந்தம்மா ரோட்டோரத்தில் நின்று அழுதது. மற்றவர்கள் எல்லாம் இந்த விதியோடு மல்லுக்கட்டுவார்கள். பல்லம்மாவுக்கு அது வருடக்கணக்காகப் பழகிய குடித்தனம்.

ஏழு மாதம் தயாரானார். தயாரானார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். பிடித்த பிடியில் நின்றார். விடிவதற்கு முன் எழுந்து நாற்பது கிலோமீட்டர், பிறகு வேலை. ஞாயிற்றுக்கிழமை இருநூறு. செயினை அறுத்துக் கோக்கப் பழகினார், பிரேக் கம்பியை மாற்றப் பழகினார், மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பஞ்சர் ஒட்டப் பழகினார். குட்டித் தூக்கம் போட்டு எழுந்து ஓட்ட வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, லேபில் மதிய நேரத்தில் மேஜைக்கு அடியில் அலாரம் வைத்துப் பதினெட்டு நிமிடம் தூங்கிப் பழகியிருக்கிறார். அங்கே புதிதாகச் சேர்ந்த பெண், ஆள் மயங்கிவிட்டார் என்று பதறிப்போய் ஒரு செம்புத் தண்ணீரை மூஞ்சியில் ஊற்றிவிட்டது. "அதுவும் பழக்கத்துக்கு நல்லதுதான், மழையில தூங்கறாப்பல" என்றார் பல்லம்மா.

ஒரு தடவை அவர் கடையில் மறந்து வைத்துவிட்டுப் போன பம்பைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடியில் ஒரே அறை. அம்மா படுத்திருந்த கட்டிலில் ஓட்டத்துக்கான சாமான் வரிசையாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றையும் லேப் தராசில் எடை போட்டு, சின்னக் காகிதத்தில் கிராம் எழுதி ஒட்டியிருந்தார். பல்லை வைத்துப் பிழைக்கிற மனுஷி, எடை குறைய வேண்டும் என்று டூத் பிரஷ்ஷைப் பாதியாக வெட்டி வைத்திருந்தார்! அதைச் சொல்லிக் கிண்டல் செய்துகொண்டே உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அங்கே இருந்தது ஒரே நாற்காலி. ஒரு தட்டு, ஒரு டம்ளர். டம்ளரில் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார். ஏதோ வேலை இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் பிற்பகல் பரிசோதனை. வாடகைக்கு எடுத்த விளையாட்டு அரங்கின் வராந்தாவில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நான். மாலை ஆறு மணிக்குப் பட்டியலை மூடிவிடுவோம். அதில் பெயர் ஏறாதவர்கள் மறுநாள் கிளம்ப முடியாது. விளக்கு, பிரேக், ஹெல்மெட் எல்லாம் பார்த்துவிட்டு, படிவத்தில் அவசரத்துக்கு என்று எழுதிய எண்ணுக்கு நானே போன் போட்டுப் பார்ப்பேன். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவர் விழுந்து அடிபட்டார். அவர் கொடுத்திருந்த எண் எப்போதோ காலி செய்துவிட்டுப் போன வீட்டின் எண். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் பிழைத்துவிட்டார். என்னால்தான் அந்த நாலு மணி நேரத்தை மறக்க முடியவில்லை.

பல்லம்மா வந்தபோது ஐந்தே கால். சைக்கிளில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. எண்ணுக்குப் போன் போட்டேன். அவருடைய ஹேண்டில்பாரில் கட்டியிருந்த பைக்குள் மணி அடித்தது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி பை அடித்தது. அவர் சத்தத்தை அமுக்குவது போலப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இது யாரு நம்பரும்மா?"

"என்னுதுதான். ரெண்டாவது சிம்."

"நீங்க ரோட்ல மயங்கிக் கிடந்தா, உங்களுக்கே போன் போட்டு, நீங்க மயங்கிக் கிடக்கறீங்கன்னு உங்ககிட்டயே சொல்லணுமா?"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"வெளி உதவி கூடாதுன்னு நீங்கதானேண்ணே ஏழு மாசமா சொன்னீங்க. இன்னொருத்தர் நம்பர் குடுத்தா அது உதவியாயிடாதா?"

சாக்கு சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

"இது உதவி இல்லம்மா, தகவல். யாராவது ஒருத்தர் நம்பர் குடுங்க. லேப் முதலாளி?"

"அவர்கிட்டக் காய்ச்சல்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"பக்கத்து வீடு?"

"பழைய ஆளுங்க காலி பண்ணிட்டாங்க. புதுசா வந்தவங்க பேரு தெரியாது." கொஞ்சம் தயங்கினார். "தம்பி இருக்கான். அம்மா போன அன்னிக்கு அவனை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். போனை வச்சுட்டான். அப்புறம் நானும் பண்ணல, அவனும் பண்ணல. ஆறு வருஷமாச்சு."

"இப்ப பண்ணுங்க."

பண்ணினார். நான் எதிரில் உட்கார்ந்திருந்ததால் எனக்கும் கேட்டது. அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல். அது இரண்டாவது தடவை சொல்லி முடிக்கிற வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"யாரும் இல்லேன்னா கிளம்பக் கூடாதாண்ணே?" என்று கேட்டார். கூடாது என்று எழுதி வைத்தவனே நான்தானே. என் எண்ணைப் போடலாம் என்றால், ஓட்டம் முடிகிற வரை சிக்னல் இல்லாத ரோட்டில் நானும் காரில் சுற்றிக்கொண்டிருப்பேன். நேரம் ஐந்தே முக்கால். பேசாமல் என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, விஷயத்தை இரண்டு வரியில் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்து அவர் முன்னால் தள்ளினேன்.

என் வீட்டுக்காரி கிளினிக்கில் நோயாளிகளின் விவரம் பதிகிறவள். கேள்வி கேட்காமல் அவளுக்குப் பேச்சே வராது; கல்யாணமாகி இருபத்தேழு வருடமாக நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேர் கேட்டாள், வயது கேட்டாள், ரத்த வகை கேட்டாள். என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எது ஒத்துக்காது, கண்ணாடி போடுவீங்களா. பல்லம்மா பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

"எல்லாம் எழுதிக்கிட்டேம்மா. நல்லபடியா போயிட்டு வாங்க. ஒருவேளை ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இவங்க எனக்குச் சொல்வாங்க, சரி. நான் யாருக்குச் சொல்லணும்?"

பல்லம்மா என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"யாருக்கும் சொல்ல வேணாங்க்கா. நீங்க தெரிஞ்சுக்கிட்டாப் போதும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. என் வீட்டுக்காரியிடம் அடுத்த கேள்வி இல்லை.