பச்சையம்மாவைப் பிச்சையம்மா ஆக்கியவன்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பஸ்ஸைப் பாயா ரும்புட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ் நிறுத்தியது. மலாயாவில் அவசரகாலம் நடக்கும் இந்தக் காலத்தில் இது ஒரு செய்தியா? இல்லை. நிறுத்தாமல் விட்டால்தான் செய்தி.

மஸ்ஜித் தானாவில் ஒரு கடையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய், "ஆள் வந்தாச்சு" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன்.

ஆமாம்... வேலை தேடித்தான். உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். மூன்று மாதமாக இந்தப் பத்தியில் "எங்கள் தோட்டத்து ஆபீசில்" என்று நான் எழுதியதெல்லாம் பழைய கதை. ரப்பர் விலை இறங்கியது. துரை ஆள் குறைத்தார். குறைந்த ஆள்களில் நானும் ஒருவன். சின்னக் கிராணி என்ற குமாஸ்தா பட்டம், குடியிருந்த குவார்ட்டர்ஸ், 'ஐயா' என்ற சொல் — எல்லாம் ஒரே நாளில் போயின.

வேலை போனால் கையில் காசு இருக்காது என்று எல்லாரும் எச்சரிப்பார்கள். யாரும் சொல்லாத ஒன்று உண்டு. "நீ யார்?" என்று யாராவது கேட்டால் வாய் திறக்காது.

"எல்லாம் எறங்கு. கார்டைக் கையில வெச்சிக்குங்க. அங்க போயி மடியத் தடவிக்கிட்டு நிக்காதீங்கலா," என்றார் கண்டக்டர்.

வரிசையில் எனக்கு முன்னால் பச்சையம்மா. என் பழைய தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவர். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கி, "என்னா தம்பி" என்றார். மூன்று மாதத்துக்கு முன்பு "கிராணி ஐயா" என்றிருப்பார்.

மலாய்க்காரக் கான்ஸ்டபிள் அவருடைய அடையாளக் கார்டை வாங்கிப் பேரைக் கேட்டார்.

"பச்சையம்மா."

கான்ஸ்டபிள் கார்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். கார்டில் இருந்த பேர் பிச்சையம்மா.

இங்கிலீஷில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். நல்ல காலமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இப்போது? வேறு யாருடைய கார்டையோ வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொண்டுபோகிறாள் என்று சந்தேகப்பட, அந்த ஓர் எழுத்து போதும். போலீஸ் லோரிப் பக்கம் போய் நிற்கச் சொன்னார்கள். அதில் ஏறினவர்கள் எத்தனை நாளில் திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு ஒன்று தெரியும். அந்தப் பேரை எழுதியவன் நான்.

கார்டு பதிவதற்கு ஆபீசர்கள் தோட்டத்துக்கு வந்தபோது, எழுத ஆள் போதாமல் கிராணிமாரையும் உட்காரவைத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பத்தொன்பது வயது, புதுப் பேனா, வளைத்து வளைத்து எழுதுகிற கையெழுத்து. பொழுது சாய்வதற்குள் இரண்டு லயத்து வரிசை வீட்டு ஆள்களையும் எழுதித் தள்ளினேன். துரை முதுகில் தட்டினார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

பச்சையம்மா லோரியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். நான் பேச வேண்டும். பேசினால் முதல் கேள்வி என்ன வரும்? "கெர்ஜா அபா?" — என்ன வேலை? கிராணி என்று சொன்னால் மதிப்பார்கள். தோட்டத்துக்குப் போன் போட்டுக் கேட்டால் அந்த நிமிஷமே நானும் லோரியில். வேலை இல்லை என்று சொன்னால்... வேலையில்லாதவன் பேச்சை எந்தப் போலீஸ் கேட்கும்?

பேசாமல் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது.

பச்சையம்மா திரும்பிப் பார்த்தார். கெஞ்சவில்லை. "நீதான எழுதுன. சொல்லு," என்றார். அவ்வளவுதான்.

போய் நின்றேன். நினைத்த கேள்விதான் வந்தது. என்ன வேலை?

"இப்போது ஒன்றும் இல்லை. முன்பு கிராணி. அந்தப் பேரைத் தப்பாக எழுதியவன் நான்," என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அந்த 'ஒன்றும் இல்லை' மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் வாயிலிருந்து வெளியே வந்தது.

கான்ஸ்டபிள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? ஒரு தாளை நீட்டி, அந்தப் பேரை எழுது என்றார். லோரியின் மட்கார்டில் வைத்து எழுதினேன். தாளையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் எழுத்தின் தலையில் அதே சுருள். கடைசி எழுத்தில் அதே வால். சார்ஜெண்டும் வந்து பார்த்தார், சிரித்தார். கார்டு பதிகிற ஆபீசுக்குப் போய் மாற்றிக்கொள்ளச் சொல்லி எங்கள் இருவரையும் விட்டார்கள்.

என் பள்ளிக்கூட சர்டிபிகேட்டை எத்தனை மேசைகளில் நீட்டியிருப்பேன். ஒருவரும் முழுசாகப் படித்ததில்லை. என் எழுத்தை நின்று நிதானமாகப் பார்த்தவர் அந்தக் கான்ஸ்டபிள் ஒருவர்தான். நான் இன்னார் என்று நிரூபிக்க எனக்கு உதவியதும் என் தப்பு ஒன்றுதான்.

பஸ்ஸில் பச்சையம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கு அவசரத்துல..."

"ரெண்டு தடவ சொன்னேன் தம்பி. நீ தலையத் தூக்கவே இல்ல."

"எனக்கு ஞாபகமே இல்லக்கா."

"உனக்கு ஏன் இருக்கும்? பேரு என்னோடதாச்சே."

அப்புறம் அவராகவே ஆரம்பித்தார்.

"எங்க லயத்துல இன்னும் நாலு பேரு இருக்காங்க, நீ எழுதுனவங்க. ஒருத்தனுக்கு அப்பன் பேரே மாறிப் போச்சு. ஞாயித்துக்கெழம வந்து மனு எழுதிக் குடு."

"உள்ள விட மாட்டாங்களேக்கா. நான் இப்ப தோட்டத்து ஆளு இல்ல."

"வேலிக்கு வெளிய நின்னு எழுது. நாங்க உள்ளேருந்து பேரு சொல்றோம். இந்தத் தடவயாவது தலையத் தூக்கிக் கேளு."

நாற்காலி போனதும் நானே போய்விட்டதாக மூன்று மாதம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலியில் இருந்தபோது மட்டும் எதிரில் நின்ற முகம் ஒன்றையாவது பார்த்தேனா?

வீட்டுக்கு வந்து, "ஞாயித்துக்கெழம எனக்கு வேலை இருக்குப்பா," என்றேன்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னா வேலை?"

"நான் எழுதுன தப்பத் திருத்துற வேலை."

"இதுக்குமா ஆள் எடுக்குறானுங்க?" என்று மறுபடி சாய்ந்துகொண்டார்.

தப்பைத் திருத்த ஆள் எடுத்தால், இந்த மலாயாவில் ஒரு கிராணிக்கும் வேலை போகாது.