திறந்து பார்க்காத வாய்

நான் மிருக வைத்தியராகி இரண்டாவது வருடத்தில் செய்த பிழை இது. அதனால் எந்த உயிரும் போகவில்லை. இதைவிடப் பெரிய பிழைகளும் செய்திருக்கிறேன். ஆனாலும் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பூனைதான்.

1985ஆம் வருடம். யாழ்ப்பாண நகரத்தை ஒட்டிய ஒரு சிறிய மிருக வைத்தியசாலையில் எனக்கு வேலை. இணுவிலில் இருந்து சைக்கிளில் போய் வருவேன். பெரும்பாலும் மாடுகளும் ஆடுகளும்தான் வரும். நீர்வேலிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வயிறு ஊதிய மாட்டுக்கு மருந்து கேட்டு வருவார்கள். சிலர் நாய்க்கு விசர்த் தடுப்பூசி போடக் கொண்டு வருவார்கள். பூனையை ஒருவரும் கொண்டு வருவதில்லை. பல்கலைக்கழகத்தில் நாய், பூனைகளின் பல் நோய்களைப் பற்றி ஒரேயொரு பின்னேரம் விரிவுரை நடந்தது. மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லக் கவனமாகப் படித்த நான், அன்றைக்குக் கடைசி வரிசை வாங்கில் இருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா குருநகரில் இருந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். மீன் போடும் ஓலைப்பறி ஒன்றின் வாயை வலைத்துண்டால் கட்டிக் கொண்டு வந்திருந்தார். உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கடுவன் பூனை. எலும்பு தெரிந்தது. மயிர் திரண்டு அழுக்காக இருந்தது.

"டொக்டர், இது என்ரை மகன் வளர்த்த பூனை" என்றார். "அவன் ஜேர்மனிக்குப் போய் மூண்டு மாசம். அவன் போன நாள் தொட்டு ஒழுங்காச் சாப்பிடுதில்லை. வாசல் படலையைப் பாத்துக்கொண்டு படுத்திருக்கும்."

எங்கள் வீட்டிலும் அண்ணை இங்கிலாந்துக்குப் போய் ஒரு வருடம் ஆகவில்லை. அவர் போன பிறகு என் அம்மா ஒரு கிழமை முழுக்கச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தக் கதை எனக்கு உடனே விளங்கியது. விளங்கிவிட்டது என்று நினைத்ததுதான் பிழை.

பூனையின் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். காய்ச்சல் பார்த்தேன். முகத்துக்குக் கிட்டக் கை போனதும் அது சீறிப் பிராண்டியது.

"அவன்ரை கையைத் தவிர வேறை கை அதுக்குப் பிடியாது" என்றார் அம்மா.

அதையும் நம்பினேன். அதன் வாயில் கெட்ட மணம் அடித்தது. ஆனால் எங்கள் வீடு மரக்கறி வீடு. எங்கள் பூனை பாற்சோறு தின்று வளர்ந்தது. மீன் தின்னும் பூனையின் வாய் இப்படித்தான் மணக்கும் போலும் என்று எண்ணிக்கொண்டேன். விற்றமின் ஊசி ஒன்று போட்டேன்.

"மிருகங்களுக்கும் கவலை இருக்கு அம்மா. கொஞ்சம் கொஞ்சமா மறந்திடும்."

அவருடைய முகம் மலர்ந்துபோனது. நோய் இல்லை என்று கேட்டதால் வந்த மலர்ச்சி என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த மாதமும் வந்தார். பூனை இன்னும் இளைத்திருந்தது. மறுபடியும் விற்றமின் போட்டேன். போகும்போது சட்டைக்குள் இருந்து ஒரு நீல ஏரோகிராமை எடுத்தார். மகனுக்கு எழுதியது. அடியில் நாலு விரல் இடம் விட்டிருந்தார்.

"நான் எழுதினால் அம்மா சும்மா சொல்லுறா எண்டு நினைப்பான். நீங்கள் படிச்சனீங்கள். டொக்டர் எண்டு போட்டு ஒரு வரி எழுதித் தாங்கோ."

எழுதினேன். 'உங்கள் பூனையைப் பரிசோதித்தேன். அதற்கு நோய் எதுவும் இல்லை. உங்களை நினைத்தே சாப்பிடாமல் இருக்கிறது.' கீழே கையெழுத்தும் வைத்தேன். அதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் முறை அவர் வந்தபோது மகனின் பதில் வந்திருந்தது. பறியை மேசையில் வைத்த கையோடு அதைத்தான் முதலில் நீட்டினார். வாசித்தேன். டொக்டர் எழுதியதைப் பார்த்து அழுததாக அவன் எழுதியிருந்தான். ஒரு அறையில் ஆறு பேராம். ஒருவருக்கும் வேலை இல்லையாம். 'என்னை நினைத்துப் பட்டினி கிடக்கும் சீவனை விட்டுவிட்டு இங்கே என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை, எனக்கும் இப்போது சாப்பாடு இறங்குவதில்லை' என்று முடித்திருந்தான்.

"பாத்தீங்களோ" என்றார் அம்மா. கண் நிறைந்திருந்தது. "வீட்டிலை அவன்ரை பேரை எடுக்கேலாது. கடல் தொழிலை விட்டிட்டுப் போயிட்டான் எண்டு தகப்பனுக்குக் கோவம். பொம்பிளைப் பிள்ளையளும் தகப்பனுக்குப் பயந்து கதைக்கிறேல்லை. நானும் இதும்தான் அவனை நினைச்சுக்கொண்டு இருக்கிறம்."

அன்றைக்கும் நான் பூனையின் வாயைத் திறக்கவில்லை.

அவர் முதலில் வந்து ஐந்தாம் மாதம், குருநகர்ப் பக்கம் நாய்களுக்குத் தடுப்பூசி போடப் போனேன். ஊசிப் பெட்டியோடு குறுகலான ஒழுங்கையால் வந்த என்னை அவர் கண்டுவிட்டார். தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டேன் என்று கூட்டிப் போனார். இரண்டு அறை வீடு. சுவரில் யேசுவின் படம், அதற்குக் கீழே படம் இல்லாத ஒரு வெறும் ஆணி. மகனின் படம் தொங்கிய ஆணியோ என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு இருக்கும்போது தகப்பன் பரவைக்கடலில் மீன்பிடித்துவிட்டு வந்தார். பறியை முற்றத்தில் கவிழ்த்தார். திரளி, மணலை மீன்கள் துள்ளி விழுந்தன. அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், படலையடியில் கிடந்த பூனை எழும்பி ஓடி வந்தது. ஒரு சின்ன மணலையை ஆவலாகக் கவ்வியது. கடித்தது. உடனே வீரிட்டுக் கத்திக்கொண்டு மீனை விட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தது. தலையை ஒரு பக்கம் சரித்து முன்னங்காலால் வாயைத் தட்டியது. வாயோரத்தில் இருந்து எச்சில் நூலாக வடிந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மீனுக்குக் கிட்டப் போய் மோந்து பார்த்தது. தொடப் பயந்து அங்கேயே நின்றது.

கவலையில் கிடக்கும் சீவன் மீனுக்கு ஓடி வராது. அதற்குப் பசித்தது. நன்றாகப் பசித்தது.

"இப்பிடி எத்தினை நாளாச் செய்யுது?" என்று கேட்டேன்.

"கனகாலம். மீனைக் கண்டால் அவன்ரை நினைவு வந்து கத்துறது" என்றார் அம்மா.

சாக்கு ஒன்றால் பூனையைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லி வாயைத் திறந்தேன். மேல் கடைவாயில் இரண்டு பக்கமும் பல்லே தெரியாதபடி மண்ணிறக் காறை கல்லாகப் படிந்திருந்தது. பல்லைச் சுற்றிய முரசு, அறுத்த இறைச்சி மாதிரிச் சிவந்து வீங்கி, தொட்ட இடமெல்லாம் இரத்தம் கசிந்தது. ஒரு பல்லின் அடியில் சீழ். கீழே ஒரு பல் விரல் பட்டதும் ஆடியது. அது தன்னை நக்கித் துப்புரவாக்காமல் விட்டதும் இதனால்தான். முகத்தில் கை வைக்க விடாததும் இதனால்தான். என் கைக்கு எட்டும் தூரத்தில் இவ்வளவு காலமும் இது இருந்திருக்கிறது.

அடுத்த நாள் காலையில் கொண்டு வரச் சொன்னேன். எங்களிடம் மாட்டுப் பல்லுக்கான குறடுதான் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பல் வைத்தியரிடம் போய், பிள்ளைகளின் பாற்பல் பிடுங்கும் குறடும் காறை சுரண்டும் கொளுக்கியும் இரவல் வாங்கினேன். யாருக்கு என்று கேட்டார். பூனைக்கு என்றதும் சிரித்தார். ஆனாலும், வேரை முதலில் தளர்த்தாமல் இழுக்காதே, தாடை உடைந்துவிடும் என்று சொல்லித் தந்தார்.

மயக்க மருந்தும் மாட்டுக்கு உரியதுதான். பூனையைத் தராசில் நிறுத்து, மூன்று தரம் கணக்குப் பார்த்து, ஊசியில் ஒரு துளி அளவு எடுத்தேன். அது மயங்கியதும் காறையைச் சுரண்டினேன். நாலு பல்லைப் பிடுங்கினேன். கீழ்ப் பல் ஒன்றின் வேர் நுனி முறிந்து உள்ளே நின்றுவிட்டது. கிண்டினால் தாடை தாங்காது என்று விட்டேன். பெனிசிலின் ஊசி போட்டு, பூனை கண் திறக்கும் வரைக்கும் அதன் பக்கத்திலேயே இருந்தேன். அம்மா வெளி வாங்கில் செபமாலையோடு இருந்தார்.

ஆறாம் நாள் ஊசி போட வந்தபோது, அவித்த மீனை முள்ளெடுத்துக் கஞ்சியில் மசித்துக் கொடுத்தால் கோப்பையை நக்கித் துடைக்கிறது என்றார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிடுங்கிய பற்களை ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன்.

அவர் போத்தலைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.

"அப்ப அது அவனை நினைச்சு இல்லையோ?"

"இல்லை அம்மா. முழுக்கப் பல்லுத்தான்" என்றேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. பரீட்சையில் சரியான விடை சொல்லும் பிள்ளை மாதிரிச் சொன்னேன். "இவ்வளவு மாசமும் பல்லு நோ. அதுதான் படலையடியிலை போய்ப் படுத்தது. நோவெண்டால் பூனையள் தனியப் போய்ப் படுக்கும்."

அவர் போத்தலை மேசையில் வைத்தார். அந்த வீட்டில் மகனுக்காகக் கவலைப்பட இனி அவர் ஒருவர்தான் என்பது அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"இரண்டும் இருந்திருக்கலாம் அம்மா" என்றேன். "கவலையும் இருந்திருக்கும்."

"பொய் சொல்லாதைங்கோ டொக்டர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுறியள்."

மகனுக்கு உண்மையை எழுதவோ என்று கேட்டேன். போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டு, "எழுதுங்கோ. அவனாவது சாப்பிடட்டும்" என்றார். எழுதினேன். இந்த முறை முதல் வரியிலேயே என் பிழையை ஒப்புக்கொண்டேன். பூனை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது, நீங்களும் சாப்பிடுங்கள் என்று முடித்தேன். அவனிடமிருந்து தாய்க்குக் கடிதங்கள் வந்தனவாம். பூனையைப் பற்றி அவன் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லையாம். இதை எனக்குச் சொன்னது பூனைக்கு மருந்து வாங்க வந்த அவருடைய மகள்.

அம்மா அதன் பிறகு வைத்தியசாலைக்கு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கண்டேன். கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். மகனுக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது என்றார். பூனையைக் கேட்டேன்.

"கிடக்குது. நல்லாத் தின்னுது. கொழுத்துப் போச்சு."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தேன். எதற்காகக் கேட்பது என்று அந்த நேரம் தெரியவில்லை. ஐந்து மாதம் அந்த வாயைத் திறந்து பார்க்காமல் விட்டதற்கா, பிறகு அவ்வளவு அவசரமாக உண்மையைச் சொன்னதற்கா? கத்தரிக்காய்ப் பையோடு அப்படியே நின்றேன். பஸ் வந்துவிட்டது, அவர் ஏற அந்தரப்பட்டார்.

"முறிஞ்ச வேர் ஒண்டு உள்ளுக்கை கிடக்கு அம்மா" என்றேன். "ஒருக்காக் கொண்டு வாங்கோ, பாப்பம்."

"ஓம், கொண்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸில் ஏறினார். கொண்டு வரவில்லை.