பாலைவனத்துக்குப் போகச் சொன்ன ஒன்பது பேர்

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதத்தில் ஒன்பது பேருக்குக் கடிதம் எழுதினார். யாழ்ப்பாணத்தில் இருந்த மூத்த அண்ணைக்கு, லண்டனில் இருந்த அக்காவுக்கு, கோலாலம்பூரில் இருந்த ஒன்றுவிட்ட தம்பிக்கு, இன்னும் கொழும்பிலும் கண்டியிலும் இருந்த ஆட்களுக்கு. நீல நிற விமானக் கடிதத்தில் இடம் போதாமல் ஓரங்களிலும் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார். கேள்வி ஒன்றுதான். சிட்னியை விட்டுவிட்டு நாட்டின் உட்பகுதியில், பாலைவனத்து விளிம்பில் இருக்கும் ஒரு சுரங்க நகரத்துக்குப் போய்க் கடைசிக் காலத்தைக் கழிக்கலாமா?

ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்களுக்கு இருந்தது இரண்டு படுக்கையறை வீடு. அவர் முன்னறையில் கதிரையில் இருந்து எழுதினார், நான் குசினியில் நின்று வெங்காயம் வெட்டினேன். இடையில் ஒரு சுவர்தான். கடல்களைத் தாண்டி ஒன்பது பேரைக் கேட்ட மனிதருக்கு அந்தச் சுவரைத் தாண்டி ஒருத்தியைக் கேட்கத் தோன்றவில்லை.

இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. வயதானால் ஆறும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு இழுப்பு. சிட்னிக் குளிர் தொடங்கினால் நெஞ்சு விசில் அடிக்கும். இரண்டு தலையணை போட்டு, பிறகு மூன்று போட்டு, கடைசியில் கதிரையிலேயே இருந்து விடிய வைப்பார். வைத்தியர் ஒருமுறை, காய்ந்த காற்று உள்ள இடம் உங்களுக்கு நல்லது என்று சொல்லிவைத்தார். அவரோடு அலுவலகத்தில் நில வரைபடம் வரைந்த ஒரு வெள்ளைக்காரர் ஓய்வுபெற்று அந்தப் பாலைவன நகரத்துக்குப் போய், இங்கே மழையும் இல்லை, சளியும் இல்லை என்று புகழ்ந்து எழுதினார். அவ்வளவுதான், இவர் மனதில் குடிபெயர்ந்துவிட்டார்.

ஆனால் ஓய்வு பெற்றது அவர். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். இங்கே வந்தபோது என் சான்றிதழ்களை மேசையில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இவை செல்லாது என்றார்கள். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினேன். மாலையில், எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து, நான் படிப்பித்ததையே திரும்பப் படித்தேன். அப்படிப் படித்து முடித்து, ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் எனக்கென்று ஒரு வகுப்புக் கிடைத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. முதல் நாள் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகள் இப்போது பரீட்சைக்கு முதல்நாள் என் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். தொடங்கி இரண்டு வருடமான ஒருத்தியை, முடித்துவிட்ட ஒருவர் தன்னோடு சேர்த்து முடித்துவைக்கப் பார்த்தார். இதற்கு என்ன பெயர் சொல்வது?

பதில்கள் வரத் தொடங்கின. அண்ணை எழுதினார்: "வெக்கை எங்களுக்குப் புதுசோ? ஊர் வெயில் மாதிரித்தான். தாராளமாகப் போ." அக்கா லண்டன் மழையைத் திட்டிவிட்டு, எங்காவது காய்ந்த இடத்தில் நீயாவது சுகமாக இரு என்று எழுதினா. கோலாலம்பூர்க்காரர் அங்கே காணி வாங்கலாமா என்று விசாரித்தார். பாலைவனத்தை வரைபடத்தில்கூடப் பார்க்காதவர்கள் எல்லாரும் ஒரே குரலில் போகச் சொன்னார்கள். ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியிலும் நான் இருந்தேன். "அவவுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்." அன்பை வைத்து என்ன செய்வது? ஒருவராவது, அவ என்ன சொல்லுறா என்று எழுதினார்களா?

நான் ஏன் அப்போதே வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். இது கடிதத்தோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் கலந்து பேசுவதற்கே பிறந்தவர்கள், பேசி முடிப்பதற்குள் விஷயம் ஆறிவிடும். அது என் பிழை.

மே மாதப் பள்ளி விடுமுறையில், நாலு நாள் போய் அந்த ஊரைச் சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்றார். சரி, பார்ப்பதில் என்ன? புறப்படும்போது, "அந்தப் புதுச் சட்டியையும் எடுத்து வையும்," என்றார். போகிற இடத்தில் தேநீர் போட ஆசைப்படுகிறார் என்று நினைத்து, துணிகளுக்கு நடுவில் அதையும் வைத்துக் கட்டினேன். என் கையாலேயே கட்டினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ரயில் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடியது. மரங்கள் குட்டையாகி, பற்றையாகி, பிறகு அதுவும் இல்லாமல் சிவந்த மண் மட்டும் மிஞ்சியது. விடியும்போது இறங்கினோம். அந்த ஊர்க் கடிகாரம் சிட்னியைவிட அரை மணித்தியாலம் பின்னால் ஓடுகிறது என்று ரயிலில் அறிவித்தார்கள். அவர் உடனே கைக்கடிகாரத்தைத் திருத்தினார். நான் திருத்தவில்லை. நாலு நாளில் திரும்பிப் போகிறவளுக்கு அது எதற்கு?

ஊர் மோசமென்று சொல்லமாட்டேன். அகன்ற தெருக்கள், தகரக் கூரை வீடுகள், தெரு முடிவில் சுரங்கத்து மண்மேடு. வானம் மட்டும் தாராளம். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். அவர் முதல் நாளே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டுக் காட்டினார். அந்த நாலு நாளும் ஒரு தடவைகூட இருமவில்லை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அதுவும் எனக்குக் கோபத்தையே தந்தது. அவருடைய இழுப்பு பொய்யாக இருந்திருந்தால் சண்டை போடுவது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

மறுநாள் காலை ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம், அவர் கையில் ஒரு துணிப்பை. வீடு வாடகைக்குக் கொடுக்கும் தரகர் ஒரு பெண், பெரிய வைக்கோல் தொப்பி போட்ட பருத்த மனுஷி. கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்து, "உனக்கு வீடு பிடித்திருக்கிறதா, கண்ணே?" என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், அவளுக்கு நல்ல விருப்பம் என்று பதில் சொல்லிவிட்டார். இந்த விஷயத்தில் என்னை முதன்முதலில் கேட்டது யாரென்று பாருங்கள். அந்தப் பதிலையும் அவரே எடுத்துக்கொண்டார்.

அந்த மனுஷி கதவுத் திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. குசினிக்குள் போய்ப் பார்க்கிறேன், அவர் என் பெட்டியிலிருந்த புதுச் சட்டியைக் கழுவிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஒரு போத்தல் பால். கொஞ்சம் சர்க்கரை. காகிதத்தில் பொதிந்த சின்னச் சுவாமிப் படம் ஒன்று யன்னல் ஓரத்தில்.

எங்கள் ஆட்களில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. புது வீட்டில் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினால் குடிபுகுந்தாயிற்று. பிறகு தட்டுமுட்டுச் சாமான் எப்போது வந்தால் என்ன? அண்ணை சாத்திரியாரிடம் நேரமும் குறித்து அனுப்பியிருந்தார். வீட்டுக்குக் கையெழுத்தும் கடிதம் மூலமாகவே போட்டாயிற்று. சும்மா பார்க்க வந்தவள் நான் ஒருத்திதான்.

"பத்து மணியிலயிருந்து பத்து இருபது வரைக்கும்தான் நேரம்," என்றார். "இப்ப சரியாப் பத்து. பாலை வாரும்."

"ஆரைக் கேட்டு இந்த வீட்டை எடுத்தனீங்கள்?"

"எல்லாரையும் கேட்டுத்தான் எடுத்தனான். அண்ணையின்ர கடிதத்தை நீரும் வாசிச்சனீர்தானே?"

"எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

"இஞ்சை பள்ளிக்கூடம் இல்லையோ? இல்லாட்டியும் என்ன, நீரும் இனி ஆறி இருக்கலாம்தானே."

"நான் வரமாட்டன்."

சுவருக்குச் சொன்னதுபோல் இருந்தது. அவர் தானே பாலை வார்த்து, தானே அடுப்பை மூட்டினார். "கோபத்தைப் பிறகு பாப்பம். நேரம் போகுது. நீர் வந்து சட்டியைத் தொட்டால் காணும்," என்றார்.

"வரமாட்டன் எண்டு சொல்லுறன். விளங்கேல்லையோ?"

"தொடும் எண்டுறன்!"

பால் ஓரத்தில் சூடேறி மெல்ல நுரைக்கத் தொடங்கியது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுதால் அவர் வென்றுவிடுவார் என்று கீழே பார்த்தேன். கையில் நான் திருத்தாத கடிகாரம். பத்தரை தாண்டியிருந்தது.

அண்ணை அனுப்பிய ஊர் நேரத்தை ஸ்ட்ராத்ஃபீல்டில் மேசையில் இருந்து சிட்னி நேரத்துக்கு மாற்றி, ஒரு தாளில் எழுதி, சரிபார்த்து, அடிக்கோடும் போட்டவர் அவர்தான்; எதற்கென்று தெரியாமல் நானும் பார்த்திருந்தேன். வாழ்நாள் முழுக்க அளவும் திருத்தமுமாக வரைபடம் வரைந்த மனிதர், அந்தத் தாளில் இருந்த சிட்னி நேரத்தை இந்த ஊர்க் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"உங்கட நல்ல நேரம் எப்பவோ போட்டுது," என்று கையை நீட்டிக் காட்டினேன். "நீங்கள் எழுதினது சிட்னி நேரம்."

அவர் என் கடிகாரத்தைப் பார்த்தார். தன்னுடையதைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது? இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனைவி வரமாட்டேன் என்று இரண்டு தரம் சொன்னதற்கு எரிந்துகொண்டே இருந்த அடுப்பு, அரை மணித்தியாலப் பிழைக்கு ஒரு நொடியில் அணைந்தது. ஒரு கடிகார முள்ளுக்கு இருந்த மதிப்பு எனக்கு இல்லை.

"சரி, சரி," என்று நெற்றியைத் துடைத்தார். "நல்ல காலம் நீர் பாத்தீர். அண்ணைக்கு எழுதி வேற நாள் எடுப்பம்."

"ஒரு நாளும் எடுக்கவேண்டாம்," என்றேன். என் குரல் அந்த வெறும் வீட்டில் எதிரொலித்தது. "நேரம் பிழைச்சதுக்காக நான் சொல்லேல்லை. நேரம் சரியா இருந்தாலும் நான் தொட்டிருக்கமாட்டன். உங்களுக்கு இந்தக் காத்து நல்லது. நானும் பாத்தனான், இல்லையெண்டு சொல்லேல்லை. குளிர் மூண்டு மாசமும் நீங்கள் இஞ்சை வந்து இருங்கோ. நான் என்ர வகுப்பை விட்டிட்டு வரமாட்டன்."

"தனியவோ? சனம் என்ன கதைக்கும்?"

"அதுக்கும் ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கோ."

நாலாம் நாள் ரயிலேறித் திரும்பினோம். சிட்னியில் இறங்கி ஈரக் காற்று முகத்தில் பட்டதும் அவர் இருமினார். நான் அவர் பெட்டியை வாங்கிச் சுமந்தேன். கோபம் இருந்தது, பெட்டியும் பாரமாகத்தான் இருந்தது.

ஜூன் மாதம் அவர் தனியாகப் போனார். அங்கே எடுத்த முழு வீட்டை விட்டுவிட்டு, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வீட்டுப் பின்னறையை எடுத்தார். பருப்புக் காய்ச்சுவது எப்படி என்று நான் தாளில் எழுதிக் கொடுத்தேன். செப்டெம்பரில் திரும்பி வந்தபோது கறுத்து, கொஞ்சம் கொழுத்து, படியை மூச்சு வாங்காமல் ஏறினார். என் வகுப்பில் அந்த வருடம் ஒரு பிள்ளையும் தவறவில்லை.

இதற்குள் சிட்னியில் இருந்த நாலைந்து தமிழ் வீடுகளிலும் எங்கள் கதைதான். மனிசனைப் பாலைவனத்துக்குத் துரத்திவிட்டுத் தான் மட்டும் சம்பளம் எடுக்கிறா என்று. கோயில் ஒன்றும் கட்டப்படாத காலம் அது, நவராத்திரிக்கு ஒருவர் வீட்டில்தான் கூடுவோம். அந்த முறை சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அன்ரி எல்லார் முன்னாலும் என் கணவரைக் கேட்டா: "தம்பி, உம்மட மனிசி ஏன் உம்மோட வரேல்லை?"

அவர் நிமிர்ந்து இருந்து, பெருந்தன்மையான குரலில் சொன்னார்: "நான் கேட்டனான், அன்ரி. அவதான் மாட்டன் எண்டிட்டா."

கேட்டாராம்! என்னைச் சந்தியில் வைத்துத் திட்டியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன்.

"நீங்கள் கேக்கேல்லை," என்றேன். "ஒன்பது பேரைக் கேட்டனீங்கள். என்னைக் கேக்கேல்லை. நீங்கள் கேக்காமல்தான் நான் சொன்னனான்."

அன்ரி கரண்டியோடு நின்றுவிட்டா. என் கணவர் கீழே பார்த்தார். கையிலிருந்த கிண்ணத்தைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அத்தனை பேர் பார்த்திருக்க, மிகவும் மெல்லிய குரலில் கேட்டார்:

"வாற குளிருக்கு, பள்ளிக்கூட லீவு நாளில, ஒரு கிழமை என்னோட வந்து இருக்க உமக்கு விருப்பமோ?"

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றேன்.

யோசிக்க எனக்கு எதுவும் இருக்கவில்லை. அவர் கேட்டு முடிக்கும் முன்பே பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் நாலு நாள் எடுத்தேன். அந்த நாலு நாளும் தேநீர் குடிக்கும்போதும் பத்திரிகை படிக்கும்போதும் அவர் என் முகத்தை முகத்தைப் பார்த்தார். ஒரு மனிதர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். அந்தச் சுகத்தை நான் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பதாக இல்லை.