சித்திக்குச் செய்த பியானோ

சித்தப்பா பியானோ செய்யப்போகிறார் என்றதும் எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவர். சர்ச்சில் பாட்டு ஆரம்பித்தால் வாயை மட்டும் அசைப்பார். வாசிக்கத் தெரிந்தவள் சித்திதான்.

முன்பு எங்கள் சர்ச்சில் ஒரு வெளிநாட்டு எலெக்ட்ரிக் பியானோ இருந்ததாம். கட்டையை அழுத்தினால் உள்ளே சின்னச் சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டும். ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி கேட்கும். அதைச் சித்தி வாசித்ததைப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா பெண் கேட்டு வந்தார் என்று அம்மா கேலி செய்வாள். அது பழுதாகி மூலையில் கிடந்தது. சித்திக்குப் புற்றுநோய் முற்றி, இனி மருந்து வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியபோது, அதை ஒரு தடவை வாசிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

சித்தப்பா அதைக் கேட்டு வாங்கி வந்தார். மரத்தைக் கறையான் தின்றிருந்தது, கம்பிகள் மட்டும் பிழைத்திருந்தன. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கம்பெனிப் பலகையில் பெட்டி அடித்தார். தச்சரிடம் புதுக் கட்டைகள் செய்து வாங்கினார். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காயில், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் புதுசு. சுத்தியல் முனைக்குக் கெட்டியான ஷூ அடித்தோலை ஒட்டினார். எனக்கு ஒன்பது வயது. ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்து, சத்தம் வராததைச் சொல்வது என் வேலை. அந்தப் பதவியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதத்தில் எல்லாமே கணீரென்று பேசின.

ஆனால் சித்தியால் அழுத்த முடியவில்லை. மருந்தில் மரத்துப்போன விரல்கள், ஜாக்கெட் ஊக்கைக்கூட அம்மாதான் மாட்டிவிடுவாள்.

"ஷூ கடிச்சா இன்னா பண்ணுவோம்? மெத்துன்னு தோல் வெப்போம். அதான் இதுக்கும்," என்றார் சித்தப்பா.

அடித்தோலைப் பிய்த்துவிட்டு, கம்பெனியிலேயே மிருதுவான ஆட்டுத்தோலைச் சீவிச் சீவி எல்லாச் சுத்தியலுக்கும் ஒட்டினார். கட்டைகளின் எடையையும் குறைத்தார். இருபது வருஷம் கால்களுக்குச் செய்த வைத்தியத்தை விரலுக்கும் செய்தார் பாவம். கட்டை சுலபமாக இறங்கியது. பஞ்சு மாதிரி முனை கம்பியைத் தொட்டது, அவ்வளவுதான், தட்டவில்லை. இந்தத் தடவை அழுத்திப் பார்க்க என்னைக் கூப்பிடவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தியைத் தலையணை வைத்து உட்காரவைத்தார். அவள் வாசிக்கத் தொடங்கினாள். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்தான் வந்தது. சித்தப்பா அவள் முதுகுப் பக்கமாகப் போய் சத்தத்தைக் கூட்டும் திருகைக் கடைசி வரை திருப்பினார். இரைச்சல்தான் கூடியது. சித்தி நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் வாசித்தாள், உதடும் கூடவே பாடியது.

"ஏங்க, பாட்டுச் சத்தம் ஜாஸ்தியா கீது. கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

"இதோ பண்றேன்," என்று சித்தப்பா திருகின்மேல் கையை வைத்தார். கை அசையவில்லை.

"இப்ப சரியா கீது," என்றாள் சித்தி.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அவரு கம்மி பண்ணவே இல்ல சித்தி! பாட்டே கேக்கல!" என்று கத்தினேன்.

சித்தியின் விரல்கள் நின்றன. சித்தப்பா ஸ்விட்சை அணைத்துவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனார். அதற்குப் பிறகு சித்தி அதைத் தொடவில்லை. அடுத்த மாதம் இறந்துபோனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே பெருமை. பெரியவர்கள் இரண்டு பேர் செய்த தப்பை நான் ஒருத்தி கண்டுபிடித்துவிட்டேன் என்று, அம்மாவிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினேன்.