எகிப்துக் கோயிலை வலம் வந்தது

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதாமலே இருந்திருப்பேன். ஆனால் ஐயா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த எகிப்துக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் அது வளர்கிறது. போன வாரம் சொன்னதில் நான் ஒரு போலீஸ்காரனோடு அரபியில் சண்டை போட்டிருக்கிறேன். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் தண்ணீர் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். நான் எங்கே சண்டை போடுவது? நடந்தது எனக்கே முழுதாக விளங்கவில்லை. விளங்கிய மட்டும் எழுதுகிறேன்.

ஐயா என்பது எங்கள் முதலாளி. துபாயில் அல் கூஸ் பகுதியில் அலுமினியப் பட்டறை வைத்திருக்கிறார். ஜன்னல், கதவுச் சட்டமெல்லாம் செய்வோம். பதினோரு வருஷம் நான் அங்கே கட்டிங் மிஷினில் நின்றேன். பிறகு ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துபோயின. பட்டறையை மகன் பார்த்துக்கொண்டார். அவரை நாங்கள் சின்னவர் என்போம். ஐயாவைக் குளிப்பாட்ட, சக்கர நாற்காலி வண்டியில் வைத்துத் தள்ள முதலில் வேறொருவர் இருந்தார். அவர் மாலில் ஐயாவை ஒரு தூணோரம் நிறுத்திவிட்டுப் போன் பேசப் போய்விட்டார். திரும்பி வந்தபோது வண்டியைக் காணோம். ஐயா கிடைத்துவிட்டார். ஆனால் அந்த வாரமே அந்த ஆளுக்கு வீசா கேன்சல், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்குத்தான் நான் வந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவர் குடும்பத்தோடு துபாயிலிருந்து கப்பலில் கிளம்பினார். எகிப்தின் பழைய கோயில்களைப் பார்க்க வேண்டும் என்பது ஐயாவின் ஆசை. வண்டி தள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். அந்தக் கப்பலில் எந்தப் படி எங்கே போகிறது என்பது இறங்கும்வரை எனக்குப் பிடிபடவில்லை. பாஸ்போர்ட்டையும் கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

எகிப்துத் துறைமுகம் வந்த அன்று சின்னவரின் மனைவி கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார். சின்னவரால் வர முடியவில்லை. விடிந்தும் விடியாமலும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அண்ணே, அப்பாவ சேர்ல இருந்து எறக்காதீங்க. குரூப்ப விட்டு ஒரு அடி தள்ளிப் போகக்கூடாது. பஸ் மிஸ் ஆச்சுன்னா கப்பல் போயிரும். அப்புறம் துபாய் போன உடனே உங்களுக்குக் கேன்சல்தான். சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க.”

சரிங்க என்றேன். எனக்கு ஊரில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் சும்மா சொல்வதாக நான் நினைக்கவில்லை.

எங்கள் சட்டையில் பதினாலு என்று பஸ் எண் ஒட்டினார்கள். காதில் மாட்ட ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். வழிகாட்டி ஓர் எகிப்துக்கார அம்மா. மஞ்சள் குச்சியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தபடி பேசுவார். அவர் குரல் எல்லார் காதிலும் கேட்கும். பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்கு ‘ஓகே’ மட்டும் புரிந்தது. அந்தக் குரல் காதில் இருக்கிறவரை கூட்டத்தோடு இருக்கிறோம் என்று அர்த்தம். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாலைவனத்தில் மூன்றரை மணி நேரம் பஸ். முதலில் மலையைக் குடைந்து ராஜாக்களைப் புதைத்த இடம். கீழே படிகள் இறங்குவதால் நானும் ஐயாவும் மேலேயே நிழலில் இருந்தோம். எங்கள் பக்கம் இழவு வீட்டுக்குப் போய்வந்தால் தலை முழுகாமல் வாசலைத் தாண்டமாட்டோம். இவர்கள் ராஜாவின் குழிக்குள் போய்வந்து ஐஸ்கிரீம் வாங்கித் தின்றார்கள்.

“அடுத்து எங்கடா?” என்றார் ஐயா.

“கோயிலாம்ங்க. சின்னவர் சொன்னாரு.”

“சுடுகாட்டுக்கு வந்துட்டு நேரா கோயிலா? குளிக்க வேணாமா?”

எனக்கும் அதுதான் குழப்பம். கேட்கலாமென்றால் யாரிடம், எந்தப் பாஷையில்? பஸ்ஸில் பாட்டில் தண்ணீரில் துண்டை நனைத்து ஐயாவின் தலையைத் துடைத்தேன். நானும் இரண்டு சொட்டு தெளித்துக்கொண்டேன்.

கோயில் என்றால் அப்படி ஒரு கோயில். வாசலில் இரண்டு பக்கமும் சிங்க உடம்பும் ஆட்டுத்தலையுமாக வரிசையாகப் படுத்திருந்தன. நான் செருப்பைக் கழற்றி வண்டிக்குப் பின்னால் தொங்கிய பையில் போட்டேன். என் முன்னால் போன ஒரு வெள்ளைக்காரர் என் காலையே பார்த்தார். மற்ற யாரும் கழற்றவில்லை. தரை தோசைக்கல். ஆனாலும் கழற்றியதை மறுபடி மாட்ட மனசு வரவில்லை.

“எனக்கும் கழட்டுடா,” என்றார் ஐயா. கழற்றினேன்.

உள்ளே பெரிய பெரிய தூண்கள். ஒன்றைக் கட்டிப்பிடிக்கப் பத்துப் பேர் வேண்டும். அந்தத் தூண்களுக்கு நடுவில் மஞ்சள் குச்சி நின்றது. அந்த அம்மா கையை விரல் விரலாகக் காட்டி ஏதோ நேரம் சொன்னார். பிறகு கூட்டம் வலது கைப் பக்கம் திரும்பியது.

நான் வண்டியை நிறுத்தினேன். சாமி எதிரே இருக்கிறது. நாம் இடது பக்கமாகப் போய்ச் சுற்றி வலது பக்கமாக வர வேண்டும். வலது பக்கமாகப் போனால் அது இடவலம். எந்தக் கோயிலிலும் நான் அப்படிப் போனதில்லை. அதுவும் நோயாளியை வைத்துக்கொண்டு.

“ஏன்டா நின்னுட்ட?”

“ஐயா, இவங்க மாத்திச் சுத்துறாங்க.”

ஐயா எட்டிப் பார்த்தார். “ஆமாடா. அவங்களுக்கு என்ன தெரியும்.”

“நம்ம இப்படிப் போனா அந்தப் பக்கம் எதிர்ல வந்துருவாங்க. சுத்து ஒண்ணுதானே.”

“தள்ளு,” என்றார்.

இடது பக்கம் திருப்பியது நான்தான். இதை அழுத்தி எழுதுகிறேன். ஐயா சொல்லும் கதையில் இது அவர் யோசனையாகிவிட்டது.

பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்தோம். உடைந்த கற்கள், ஈச்சமரம், நீளமான மண்பாதை. காதில் அந்த அம்மா பேசிக்கொண்டே இருந்தார். கொஞ்ச தூரத்தில் கரகரவென்றது. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒன்றுமே இல்லை. கருவியைத் தட்டிப் பார்த்தேன். சாமிக்குப் பின்னால் சுற்றிப் போகும் பாதை எங்குமே இல்லை. மண்பாதை வடக்கே நேராகப் போனது. திரும்பலாம் என்று வளைத்தபோது இரண்டு சக்கரமும் மணலில் இறங்கிவிட்டன.

நீள அங்கியும் தலைப்பாகையுமாக ஒரு காவல்காரர் ஓடி வந்தார். “மம்னூ, மம்னூ!” என்று கையை ஆட்டினார். போகக்கூடாது என்கிறார். எனக்குத் தெரிந்த அரபி பட்டறை அரபிதான்.

“சதீக், பஸ் வேன்? பஸ்!” என்றேன். நண்பா, பஸ் எங்கே என்று.

அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். சிரித்துவிட்டார். “மஸ்ஜித் மாஃபி! மஸ்ஜித் மாஃபி!” இது பள்ளிவாசல் இல்லையாம். பிறகு என் அரபியை வைத்து, “இன்த்த துபாய்?” என்று கேட்டார், நீ துபாயா என்று. தலையாட்டினேன். தன் நெஞ்சைத் தட்டி, “அன குவைத்! சாபிக்! கான்ட்ராக்டர்!” என்றார். முன்னால் குவைத்தில் கட்டட வேலை பார்த்தவராம்.

இரண்டு பேருமாக வண்டியைத் தூக்கிப் பாதையில் வைத்தோம். “பஸ், பஸ்” என்றேன். “கல்லி வல்லி,” என்றார். அதை வளைகுடாவில் எல்லாரும் சொல்வார்கள், விட்டுத்தள்ளு என்று. “யல்லா, தஆல்,” என்று எங்களை அங்கிருந்த ஒரு சின்னக் கட்டடத்துக்குக் கூப்பிட்டார். சாவியால் மரக்கதவைத் திறந்தார்.

உள்ளே கும்மிருட்டு. கூரையில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் கறுப்புக் கல்லில் ஓர் அம்மன் நின்றது. பெண் உடம்பு, சிங்க முகம்.

ஐயா வண்டியிலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு, “பிரத்தியங்கிரா மாதிரி இருக்குடா. என்னை எறக்கு,” என்றார்.

“ஐயா, சின்னவர் எறக்கக்கூடாதுன்னு…”

“எறக்குடான்னா. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க, முணுமுணுன்னு?”

நிலைப்படி உயரம். வண்டி ஏறாது. பஸ் எந்த நேரம் புறப்படுமோ தெரியாது. குரூப்பை விட்டாயிற்று. இப்போது இறக்கவும் போகிறேன். சின்னவர் சொன்னதில் பாக்கி ஒன்றும் இல்லை. ஆனால் நான் வண்டி தள்ள வந்த அந்த ஆறு மாதத்தில் ஐயா எதையும் அப்படிக் கேட்டதில்லை. அக்குளில் தோள் கொடுத்துத் தூக்கினேன். மறு பக்கம் காவல்காரர் பிடித்துக்கொண்டார். ஐந்தாறு எட்டு நடந்திருப்பார். நல்ல கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

கும்பிடலாமா, கூடாதா, இது யார் சாமி, பேர் என்ன, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடி, ‘தாயே, பஸ் போயிறக்கூடாது’ என்று மட்டும் கேட்டேன். காவல்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

வெளியே வந்து ஐயாவை உட்காரவைத்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். காவல்காரர் வழி காட்டிக்கொண்டு முன்னால் ஓடினார். தூண் மண்டபத்தைத் தாண்டும்போது காதில் திடீரென்று அந்த அம்மாவின் குரல். “பதினாலு, பதினாலு” என்று இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தார். அந்த எண் மட்டும் எனக்குப் புரிந்தது. வாசலில் மஞ்சள் குச்சியோடு நின்ற அவர் முகம் சிவந்திருந்தது. நாற்பது நிமிடம் காத்திருந்ததாக விரலில் காட்டினார். பஸ்ஸில் ஏறியதும் சிலர் முறைத்தார்கள், பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். அது கேலியா, சந்தோஷமா என்று தெரியவில்லை. அந்த அம்மா போனை எடுத்துக் கப்பலுக்குப் பேசினார். அது தெரிந்தது.

திரும்பும் மூன்றரை மணி நேரமும் ஐயா தூங்கினார். நான் ஊருக்குப் போனால் என்ன வேலை செய்வது என்று யோசித்தேன்.

சின்னவர் கப்பல் படிக்குக் கீழேயே நின்றிருந்தார்.

“என்ன ஆச்சு? யாரு குரூப்ப விட்டுப் போனது?”

“நான்தான்டா சொன்னேன்,” என்றார் ஐயா. “இவன் பேச்சுக் கேக்கறவன். தள்ளுன்னேன், தள்ளினான்.”

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். வேலைக்குப் போக ஆரம்பித்த இருபத்தைந்து வருஷமாக எல்லா இடத்திலும் சும்மாதான் இருந்திருக்கிறேன். அன்றைக்கு என்னவோ வாய் திறந்துகொண்டது.

“இல்லீங்க. திருப்பினது நான். அவங்க இடவலமா போனாங்க. எனக்கு மனசு வரல. ஐயாவ எறக்கினதும் நான்தான்.”

சின்னவர் என் காலைப் பார்த்தார். செருப்பு இன்னும் பையில்தான் இருந்தது. உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. “போய்ச் சாப்பிடுங்க,” என்றார்.

துபாய் வந்தும் கேன்சல் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. என் வீசா தீர மூன்று மாதம் இருந்தது. சரி, அதுவரை வைத்திருந்து அனுப்புவார்கள் என்று நினைத்தேன். பெட்டியை இறக்கித் துடைத்துவைத்தேன். வீட்டில் சொல்லவில்லை. சின்னவர் தினம் காலையில், “அப்பா மாத்திரை போட்டாச்சா அண்ணே?” என்று கேட்பார். “ஆச்சுங்க” என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. கேட்டுவிடலாமா என்று நூறு தடவை வாய்வரை வந்தது.

ஒரு நாள் பட்டறை ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். மலையாளி கிளார்க் இரண்டு தாளை மேசையில் வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தைப் பேனாவால் தட்டினார்.

“கேன்சலா?” என்றேன்.

“எந்து கேன்சல்? ரினியூவல் ஆணு சேட்டா. ரண்டு கொல்லம். வேகம் ஒப்பிடு, மெடிக்கலுக்கு வண்டி போகான் நிக்குன்னு.” இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிக்கிறார்களாம், சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொன்னார்.

போட்டேன். அவசரத்தில் என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனது. அவர் இன்னொரு தாள் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஐயாவிடம் சொன்னேன். “உன்னை அனுப்பிட்டா என்னை யாரு தள்ளுறது? அவனா தள்ளுவான்?” என்று சிரித்தார். ஐயா சொல்லித்தான் விட்டார்களா, சின்னவரே மன்னித்தாரா, இல்லை அவர் மறந்தே போய்விட்டாரா, எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவில்லை. அந்த வீசாவும் இந்த வருஷம் தீர்கிறது. நேற்றுச் சின்னவர் என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார். ரினியூவலுக்கா, கேன்சலுக்கா என்று நான் கேட்கவில்லை.

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை.