டிரம்மில் கரைந்த கொலு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேரிடமாவது என் அக்கா ஏதாவது ஒரு கேள்வி கேட்டிருப்பார். "உங்க ஊர்ல தவளை மழைக்கு முன்னாடி கத்துமா, பின்னாடி கத்துமா?" என்பது மாதிரி. பதில் தெரியாமல் விழித்திருப்பீர்கள். அதில் அக்காவுக்கு வருத்தமே கிடையாது. யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று அகப்பட்டால் அவருக்குக் கொண்டாட்டம்தான். அவர் நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்த வேளையில், தம்பி என்ற உரிமையில் அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது போர்ட் பிளேரில், மரைன் ஹில்லில். எங்கள் அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அக்கா பள்ளியில் படிக்கும்போதே அம்மா காலமானார். அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டு, சட்டைக்குப் பொத்தான் தைத்து, கணக்கைத் தப்பாகப் போட்டால் தலையில் குட்டியவர் அக்காதான். குட்டும்போதும் கேள்விதான்: "எப்படிடா இந்த விடை வந்துச்சு? எனக்கும் சொல்லேன்." பிறகு நர்சிங் படித்து அரசு வேலையில் சேர்ந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரும் மின்சாரத் துறையில் பணிபுரிபவருமான அத்தானை மணந்து, அந்தமானின் வடக்கே மாயாபந்தரில் குடியேறினார்.

மூத்த மகள், எங்கள் பெரியவள், தவழத் தொடங்கிய நேரத்தில் அக்காவைக் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றினார்கள். அங்கே தனியாகக் குழந்தையையும் டியூட்டியையும் சமாளிக்க வழியில்லை. குழந்தை அத்தானிடமே இருந்தாள். அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி ஆன்ட்டி பார்த்துக்கொண்டார். அந்த நாட்களைப் பற்றி அக்கா அதிகம் பேசியதில்லை. திரும்பி வந்த பிறகுதான் சின்னவன் பிறந்தான்.

துர்க்கை பூஜை லீவு வந்தால் நான் போர்ட் பிளேரிலிருந்து பஸ்ஸேறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே லீவு என்றால் ஊர் சுற்றுவது அல்ல. ஒரு பக்கம் சர்க்கரை, ஒரு பக்கம் தேங்காய்த் துருவல் வைத்து, எறும்பு எதற்கு முதலில் வருகிறது என்று அம்மாவும் பிள்ளைகளும் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும். நமக்கு இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுமே, தஞ்சாவூரில் எப்போது இருட்டும் என்று அத்தானின் அக்காவுக்குப் போன் போடுவார்கள். "இன்னும் வெயில் அடிக்குதுடி" என்று அவர் சொன்னால் இந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய லீவில் அந்தப் போனில் வேறு ஒரு பேச்சும் ஓடியது. பிள்ளைகள் இரண்டு பேரையும் தஞ்சாவூரில் விட்டுப் படிக்க வைக்கலாம், நானே வளர்க்கிறேன் என்று அத்தானின் அக்கா சொல்லியிருந்தார். அத்தானுக்கும் அதில் ஆசை. நல்ல பள்ளிக்கூடம், நல்ல தமிழ், சொந்தபந்தம். அக்காவுக்கு மனமில்லை. லீவு முடிவதற்குள் முடிவு சொல்வதாக ஏற்பாடு. வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லைதான். ஆனால் போன் மணி அடித்தால் அக்கா முகம் மாறிவிடும்.

விஜயதசமியன்று வங்காளிகள் வழக்கப்படி தெருவே மேளத்தோடு துர்க்கை சிலையைக் கடலில் கரைத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தது. நாங்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வந்து காபி குடித்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்த பிறகு அத்தான் முகம் கழுவப் பின்பக்கம் போனார். அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். பெரிய டிரம்மில் பிடித்து வைத்திருப்பார்கள். ஒரு குவளை மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டவர், "ஏய், இங்க வா!" என்று போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடினோம். அவர் மீசையிலிருந்து ரோஸ் நிறத்தில் தண்ணீர் சொட்டியது. டிரம்முக்குள் கொலு முழுவதும் கிடந்தது. அத்தானின் தாயார் வைத்துப் பூஜித்த, சுடாத மண் பொம்மைகள். அத்தான் வேட்டியில் சுற்றி, மடியில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்தவை.

"இதுக்குத்தான் சொன்னேன். நம்ம பழக்கம் எது, அவங்க பழக்கம் எதுன்னு தெரியாம வளருதுங்க. இனி இதுல யோசிக்க ஒண்ணுமில்ல, அனுப்பிர வேண்டியதுதான்" என்றார் அத்தான். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவருடைய அம்மாவின் பொம்மைகள் அல்லவா!

அக்கா டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். "யாரு முதல்ல கரைஞ்சா?" என்றார்.

"செட்டியார்" என்றான் சின்னவன், பயத்தை மறந்து. "தொப்பை முதல்ல போச்சும்மா."

"எதுக்குக் கண்ணு போட்டீங்க?"

"லீவு முடிஞ்சிருச்சுல்ல. துர்கா மா அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. இவங்களும் போக வேணாமா? கடல்கிட்ட முதலை இருக்கு, தனியா போகக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அதான் டிரம்முல விட்டோம்" என்றாள் பெரியவள்.

"இவங்களுக்கு வீடு எங்க இருக்கு?" என்று அத்தான் கேட்டுவிட்டார். அக்காவோடு குடும்பம் நடத்தினால் யாருக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொள்ளும்.

"மெயின்லேண்டா இருக்கும்ப்பா."

"நம்ம வீடு?"

"யஹீ தோ ஹை" என்று சின்னவன் தரையைக் காட்டினான். இதுதானே, இதில் என்ன சந்தேகம் என்பது போல அப்பாவைப் பார்த்தான்.

அப்போதுதான் அக்கா அதைச் சொன்னார். "என்னங்க, பொம்மை போனது எனக்கும் வயித்தெரிச்சல்தான். ஆனா நான் கார் நிக்கோபார்லேர்ந்து வந்து எறங்கினப்ப இவ என்னை 'ஆன்ட்டி'ன்னு கூப்பிட்டா. உங்க காலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டா. பழைய மாதிரி எங்கிட்ட ஒட்டுறதுக்கு எத்தனை நாளாச்சு தெரியுமா? இன்னொரு தடவ என்னால முடியாதுங்க."

அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். தம் அக்காவுக்குப் போன் போட்டு, "வேணாம்க்கா, இங்கயே படிக்கட்டும்" என்றார்.

சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. போர்ட் பிளேர் மருத்துவமனையில் கடைசி நாட்களிலும், ஊசி போட வந்த இளம் நர்ஸிடம் அவள் ஊர், அவள் ஊர் மீன் குழம்பு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டவர், தமக்கு எப்போது சரியாகும் என்று மட்டும் கேட்கவில்லை. அவரும் நர்ஸ்தானே, அவருக்குத் தெரியாதா என்ன.

அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடிய தெருக்காரர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், இன்றும் காலையில் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுத் தரும் வங்காளி ஆன்ட்டிக்கும் நாங்கள் என்ன கைம்மாறு செய்ய முடியும்! காரியத்துக்கு வந்து, "பிள்ளைகளை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று அழுத அத்தானின் அக்காவுக்கும், அதையே போனில் கேட்டுக்கொண்டிருக்கும் உறவினர் அனைவருக்கும் எங்கள் வணக்கம். உங்கள் அன்பு எங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் மாயாபந்தரில் அப்பாவோடுதான் இருப்பார்கள். நீங்கள் லீவுக்கு வாருங்கள்.

போன வாரம் சின்னவன் என்னிடம் கேட்டான்: "அம்மாவுக்கு அது பிடிக்கும், இது பிடிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க மாமா. அம்மாவுக்குப் பிடிக்காதது என்ன?"

"உங்கள விட்டுட்டு இருக்கறதுடா" என்றேன்.