புகையிலைக்குக் காவல் படுத்த அண்ணை

"நித்திரை கொள்ளவும் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கினமோ, பிள்ளை?"

நான் ஆசிரியையாகிச் சுகாதாரப் பாடம் நடத்தத் தொடங்கிய புதிதில் மாமி கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான் — மறைப்பானேன்? "ஓம் மாமி, அதுவும் ஒரு பாடம்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை சிதறியது.

போன மாதம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அளவெட்டியிலிருந்து என் அண்ணையை மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். மாமி பேசிக் கொண்டுவந்த சம்பந்தம். பெண்ணைக் கோயில் திருவிழாவில் கண்ட அண்ணை, மனத்துக்குள் தாலியே கட்டிவிட்டார்! வந்தவர்கள் விறாந்தையில் அமர்ந்தார்கள். பெண்ணின் தகப்பனார் தோட்டத்தைப் பற்றி ஏதோ கேட்டார். பதில் வந்தது... குறட்டையாக.

அதுவும் காலை வேளையில்!

"பொடியன் காலமையே கள்ளடிப்பானோ?" என்று மாமியிடம் கேட்டுவிட்டு அவர் எழும்பிப் போய்விட்டார். அண்ணை கள்ளைத் தொட்டும் பார்த்ததில்லை.

அம்மா கண்ணூறு கழித்தார். ஐயாவோ, "உவன் இரா முழுக்கப் படுக்கிறான், பகலிலையும் தூங்கி விழுறான். சோம்பேறி!" என்று ஏசினார். நான் அண்ணையிடமே கேட்டேன்.

"அண்ணை, இரவிலை நல்லா நித்திரை வாறதோ?"

"எங்கை தங்கச்சி! புரண்டு புரண்டு கிடக்கிறன். விடியத் தலை இடிக்குது, வயித்தைப் பிரட்டுது."

"எப்ப தொடக்கம்?"

"புகையிலை அடுக்கின நாள் தொடக்கம்."

தோட்டக்காரர் வீடுகளில் வழக்கம் தெரியுந்தானே? புகையிலையை அறைக்குள் அடுக்கி, காற்றுப் புகாமல் கதவையும் ஜன்னலையும் அடைத்து, கள்ளனுக்குப் பயந்து வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் அதன் பக்கத்திலேயே படுப்பார். நெடி மூக்கில் ஏறியபடியே இருக்கும். போதாதென்று படுக்கமுன் ஒரு சுருட்டு வேறு! புகையிலை ஆளை விழிக்கவைக்கிற சாமான். அதோடு ஓர் அறையில் கிடந்தால் நித்திரை எப்படி வரும்?

அண்ணையை விடுங்கள். இருட்டினபின் கடுங்கோப்பி குடித்துவிட்டு, நித்திரை வரவில்லையென்று வைரவருக்கு நேர்த்தி வைப்பவர்கள் நம்மில் இல்லையா? பனிக்குப் பயந்து தலையையும் மூடிப் போர்த்திக்கொண்டு படுத்து, விடியத் தலையிடி என்பவர்கள்? பகலில் கண் சொருகுகிறவனைச் சோம்பேறி என்று ஏசமுன், இரவில் எப்படிக் கிடந்தான் என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

அண்ணை விறாந்தையில் படுக்கட்டும் என்றேன். ஐயா பாய்ந்தார்.

"அப்ப புகையிலையை ஆர் காக்கிறது? நீயோ?"

"ஆமைப்பூட்டு ஒண்டு போடுவம், ஐயா. பூட்டு நித்திரை கொள்ளாது."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "படிச்சவளின்ரை வாய்!" என்று முணுமுணுத்தபடி ஐயா பூட்டு வாங்கப் போனார்.

"சுருட்டை மட்டும் விட ஏலாது" என்று அண்ணை அடம்பிடித்தார். "அப்ப பின்னேரத்தோடை நிப்பாட்டுங்கோ" என்றேன். முதல் சில நாள் நுளம்புக்கடி என்று என்னைத்தான் ஏசினார். பிறகு சத்தமில்லை — நித்திரை! இப்போது விடியமுன் எழும்பிக் கிணற்றுத் துலா மிதிக்கும்போது தேவாரம் கேட்கிறது. சுருதிதான் சேரவில்லை, அதற்கு என்னிடம் மருந்தில்லை.

ஒன்று சொல்லவேண்டும். காற்றோட்டம் எல்லாவற்றையும் தீர்க்காது. இரவில் மூச்சு முட்டித் திடுக்கிட்டு எழும்புகிறவர்களும், நன்றாகப் படுத்தும் பகலில் தூங்கி விழுகிறவர்களும் டாக்டரிடம் போகவேண்டும். மந்திரிக்க அல்ல.

சரி, சம்பந்தம்?

"இனி என்ன முகத்தோடை அவையளிட்டைப் போறது?" என்று மாமி கையை விரித்தார். நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் அவரையும் இழுத்துக்கொண்டு அளவெட்டிக்கு பஸ் ஏறினேன். பெண்ணின் தகப்பனாரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு என்று அழைத்தும்விட்டேன்.

அவர் மீசைக்குள் சிரித்தார். "பாயசம் குடிச்சிட்டு மாப்பிள்ளை திரும்பவும் சாய்ஞ்சால்?"

"நீங்களும் பக்கத்திலை இருங்கோ. ஆர் முதல் சாயிறது எண்டு பாப்பம்!"